சர்வர் விழுந்து ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போனால்: முதலில் நகல், அப்புறம்தான் பழுது

சர்வர் திடீரென நின்றுவிட்டது. திரும்ப ஆன் செய்தால் பாதி வரைக்கும் வந்து, கறுப்புத் திரையில் நான்கைந்து வரிகளைக் காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. அதில் ஒரு வரி, எதிர்பாராத முரண்பாடு இருக்கிறது, எஃப்எஸ்சிகேயை நீங்களே ஓட்டுங்கள் என்கிறது. மெஷினே சொல்லிவிட்டதே என்று விரல் தானாக அந்தக் கட்டளையைத் தட்டப் போகும், அது கேட்கிற கேள்விக்கெல்லாம் ஆம் என்று சொல்லிக்கொண்டே போகத் தோன்றும். தயவுசெய்து அங்கே நிறுத்துங்கள். நான் இதை எழுதுவதே அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

எஃப்எஸ்சிகே உங்கள் கோப்புகளைக் காப்பாற்றும் கருவி அல்ல. ஃபைல் சிஸ்டத்தின், அதாவது எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று வைத்திருக்கும் அமைப்பின், கணக்கை நேர்செய்வதுதான் அதன் வேலை. ஒரு சரக்குக் கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் ஒன்று இருக்கிறது, அலமாரியில் வேறொன்று இருக்கிறது. கணக்குப் பார்க்க வந்தவர் பதிவேட்டில் பெயர் இல்லாத மூட்டைகளை ஒரு மூலையில் தள்ளுவார், பக்கம் கிழிந்துபோன சரக்கைப் பதிவிலிருந்தே அடித்துவிடுவார், கடைசியில் இரண்டும் ஒத்துப்போகும். அவர் வேலை முடிந்தது. உங்களுக்கு வேண்டிய மூட்டை எங்கே போனது என்பது அவர் பார்க்க வேண்டிய விஷயம் இல்லை. டிஸ்க் நன்றாக இருந்து, மின்சாரம் போனதில் வந்த சிறு முரண்பாடுதான் என்றால் எஃப்எஸ்சிகே அதை ஒழுங்காகவே முடித்துத் தரும். டிஸ்க்கே செத்துக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. படிக்க முடியாத இடம் வரும்போது "பிழையைப் புறக்கணிக்கவா" என்று கேட்டுவிட்டு, அடுத்து "அந்த இடத்தில் மறுபடி எழுதவா" என்றும் அது கேட்கும். எல்லாவற்றுக்கும் ஆம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் அங்கே எழுதியும் விடும். அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்ப வழி இல்லை.

கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றைச் சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் தட்டவேண்டும். சில விருப்பங்களில் மட்டும் பெரிய எழுத்து வரும், அங்கே சொல்கிறேன். எல்லாமே லினக்ஸ் சர்வருக்கானது.

எழுதுவதை நிறுத்துங்கள்

சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்து, கோப்புகளைச் சேமிக்க மட்டும் முடியவில்லை என்றால், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் பிழையைப் பார்த்துவிட்டு ஃபைல் சிஸ்டத்தைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றியிருக்கும். இது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. அதை மறுபடி எழுதும் நிலைக்குத் தள்ளப் பார்க்காதீர்கள். ரீபூட்டும் செய்யாதீர்கள், ஏனென்றால் திரும்ப ஏறும் என்று உறுதி இல்லை. இப்போது படிக்க முடிகிறது, அதனால் முக்கியமானதை எல்லாம் இப்போதே வேறு மெஷினுக்கு நகலெடுங்கள். டேட்டாபேஸ் கோப்புகள், பயனர்கள் ஏற்றிய கோப்புகள், ஈடிசி கோப்புறையின் அமைப்புகள், இந்த வரிசையில். சிஸ்டம் கோப்புகளைப் பிறகு நிறுவிக்கொள்ளலாம்.

சர்வர் ஏறவே இல்லை என்றால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதை விடுங்கள். ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஜர்னலை (முடியாமல் நின்ற மாற்றங்களின் குறிப்பு) ஓட்டப் பார்க்கும், தானியங்கிச் சோதனை நடக்கும், லாக் எழுதும். திரையில் இருப்பதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு மெஷினை அணைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு லைவ் பென்டிரைவில் (நிறுவாமலேயே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) ஏற்றுங்கள், அல்லது டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டுங்கள். கிளவுட் சர்வர் என்றால் முதலில் அந்த வால்யூமுக்கு (கிளவுடில் இருக்கும் டிஸ்க்) ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்), அதன் பிறகு வால்யூமைப் பிரித்து வேறொரு மெஷினில் கூடுதல் டிஸ்க்காக இணைப்பது. சில லைவ் சிஸ்டங்கள் டிஸ்க்கைக் கண்டதும் தாமாகவே மவுண்ட் செய்துவிடும் (கோப்புகளைத் திறக்கும்படி இணைத்துவிடும்), அதனால் ஏறியவுடன் அதைச் சரிபாருங்கள்.

நிஜமாகவே கெட்டது ஃபைல் சிஸ்டம்தானா

பயத்தில் இதை யாரும் கேட்பதில்லை. எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் இருக்கும் யூயூஐடி (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்) மாறிப்போனாலும் சர்வர் அவசர நிலைக்குத்தான் போய் நிற்கும். கர்னல் புதுப்பித்தல் பாதியில் நின்று இனிட்ராம்எஃப்எஸ் (ஏறும்போது முதலில் வரும் சிறு ஃபைல் சிஸ்டம்) உருவாகாமல் போனால், ரூட்டை (சிஸ்டத்தின் முதன்மை ஃபைல் சிஸ்டம்) மவுண்ட் செய்ய முடியவில்லை என்று கர்னல் பேனிக் வரும். இரண்டிலும் டிஸ்க்கில் இருக்கும் தரவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அதனால் முதலில் எல்எஸ்பிஎல்கே ஓட்டி, டிஸ்க்கும் பார்ட்டிஷன்களும் சரியான அளவில் தெரிகின்றனவா பாருங்கள். பிஎல்கேஐடி ஓட்டி, என்ன ஃபைல் சிஸ்டம், என்ன யூயூஐடி என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்விஎம் (டிஸ்க் இடத்தைக் குழுவாக்கிப் பிரித்துக்கொடுக்கும் அடுக்கு) இருந்தால் வால்யூம் குரூப்பைச் செயல்படுத்தாமல் உள்ளே எதுவும் தெரியாது. சாஃப்ட்வேர் ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கோர்ப்பது) இருந்தால் ப்ராக் கோப்புறையில் இருக்கும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து, எல்லா டிஸ்க்கும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கீழே இருக்கும் அடுக்கு சரியில்லாமல் மேலே இருப்பதைப் பழுது பார்க்கவே கூடாது. ஒரு டிஸ்க் பழைய நிலையில் இருக்க, அதையும் சேர்த்துத் தவறாகக் கோர்த்த ரெய்டின் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டினால், நன்றாக இருந்த ஃபைல் சிஸ்டமும் கந்தலாகிவிடும். எம்டிஅட்ம் கட்டளையில் எக்ஸாமின் என்ற விருப்பம் ஒவ்வொரு டிஸ்க்கின் நிகழ்வு எண்ணையும் காட்டும், அதை ஒப்பிட்டால் எது பின்தங்கியது என்று தெரிந்துவிடும். தேவைப்பட்டால் அசெம்பிள். கிரியேட் பக்கம் போகவே போகாதீர்கள். அது புது ரெய்டை உருவாக்கும் கட்டளை, பழைய தலைப்புத் தகவலின் மேலேயே எழுதும்.

டிஸ்க்கின் உடல்நிலை

கர்னல் செய்திகளைக் காட்டும் டிஎம்ஈஎஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் ஐஓ எரர் (I/O error) என்ற சொல்லைத் தேடுங்கள். பழைய பூட்டின் கர்னல் செய்திகள் வேண்டுமென்றால், லாக் நிரந்தரமாகச் சேமிக்கப்பட்டிருந்தால், ஜர்னல்சிடிஎல் வழியாகப் பார்க்கலாம். பிறகு ஸ்மார்ட்சிடிஎல், ஹைஃபன் ஏ கொடுத்து. வரும் நீளமான பட்டியலில் சாட்டா டிஸ்க்குக்கு நான்கு எண்களைப் பார்த்தால் போதும். 5ஆவது, மாற்றிவைக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்) எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். 198, சரிசெய்யவே முடியாதவை. 199, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே பரிமாற்றத்தில் வந்த பிழைகள். 197இல் பூஜ்யத்துக்கு மேல் ஏதாவது இருந்தால் டிஸ்க் போகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 199 மட்டும் ஏறியிருந்தால் கேபிளைத்தான் முதலில் மாற்றிப் பார்க்கவேண்டும்.

அதே வெளியீட்டில் ஸ்மார்ட் சோதனை பாஸ் என்று வந்திருந்தாலும் அதை நம்பி உட்காராதீர்கள். பாஸ் என்று சொல்லிக்கொண்டே 197இல் நூற்றுக்கணக்கில் காட்டும் டிஸ்க்கை நானே கையில் வைத்திருந்திருக்கிறேன்.

நகல் எடுப்பது

இங்கேதான் பொறுமை வேண்டும். முழு டிஸ்க்கையும், காலி இடம் உட்பட, பிட்டுக்குப் பிட்டு ஒரு இமேஜ் கோப்பாக எடுக்கப் போகிறோம். டிஸ்க் 2 டெராபைட் என்றால் வேறு இடத்தில் 2 டெராபைட்டுக்கு மேல் காலியாக இருக்கவேண்டும், அதில் பாதிதான் பயன்பாட்டில் இருந்தது என்பது கணக்கில் வராது. முடிந்தால் இரண்டு மடங்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள், காரணம் கீழே வரும்.

கருவி, க்னூ டிடிரெஸ்க்யூ. பெயரில் நடுவே அடிக்கோடு போட்ட இன்னொரு கருவியும் உண்டு, அது வேறு. நமக்கு வேண்டியது, எது படித்தாயிற்று எது மிச்சம் என்று குறிக்கும் மேப் கோப்பு எழுதும் இந்த க்னூ கருவிதான். சாதாரண டிடி கெட்ட செக்டரில் முட்டினால் நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ அதைத் தாண்டிப்போய், முதலில் எளிதாகப் படிக்கக்கூடியதை எல்லாம் எடுத்துக்கொண்டு, பிறகு கஷ்டமான இடங்களுக்குத் திரும்பி வரும். சாகும் டிஸ்க்குக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அது இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது.

முதல் சுற்றில் ஹைஃபன் டி (d), ஹைஃபன் என் இரண்டும் கொடுத்து ஓட்டுங்கள். முதலாவது நேரடியாக டிஸ்க்கிலிருந்து படிக்கச் சொல்வது, இரண்டாவது கெட்ட இடங்களைச் சுரண்டிக்கொண்டிருக்காமல் விடச் சொல்வது. அதன் பின் மூன்று பெயர்கள்: மூல டிஸ்க், இமேஜ் கோப்பு, மேப் கோப்பு. இந்த வரிசையையோ டிஸ்க் பெயரையோ மாற்றிப் போடாதீர்கள், காப்பாற்ற வேண்டிய டிஸ்க்கின் மேலேயே எழுதிவிடும் ஆபத்து உண்டு. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் பூட்டுக்குப் பூட்டு மாறக்கூடியவை என்பதால் பெயரை நம்பாமல், எல்எஸ்பிஎல்கேயில் மாடலையும் வரிசை எண்ணையும் காட்டச் சொல்லி, அதை டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒப்பிட்டுவிட்டு எண்டரைத் தட்டுங்கள். நான் இன்றைக்கும் அந்த வரியை வாய்விட்டு ஒருமுறை படித்த பிறகுதான் தட்டுகிறேன்.

இரண்டாவது சுற்றில் ஹைஃபன் என்னை எடுத்துவிட்டு ஹைஃபன் ஆர்3 சேர்த்து, அதே இமேஜ், அதே மேப் கோப்பு. கெட்ட செக்டர்களை மூன்று முறை மறுபடி முயன்று பார்க்கும். நடுவில் நிறுத்தினாலும், மின்சாரம் போனாலும், மேப் கோப்பு இருக்கும்வரை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு குறி இருக்கும். கூட்டல் குறி என்றால் கிடைத்துவிட்டது, கழித்தல் என்றால் கெட்ட செக்டர், கேள்விக்குறி என்றால் இன்னும் தொடவே இல்லை. எத்தனை கழித்தல் வரி, எவ்வளவு அளவு என்று பார்த்தாலே நிலைமை புரிந்துவிடும்.

டிஸ்க் உள்ளே கடகடவென்று சத்தம் போட்டாலோ, சிஸ்டத்துக்குத் தெரிந்து தெரிந்து மறைந்தாலோ, தரவு உண்மையிலேயே விலைமதிப்பற்றது என்றால், அதே நிமிடம் அணைத்துவிட்டுத் தரவு மீட்பு ஆய்வகத்திடம் கொடுங்கள். வீட்டில் இன்னும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது அவர்களுடைய வேலையைக் கெடுக்கும்.

இமேஜ் முடிந்ததும் மூல டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். அந்த இமேஜிலிருந்து இன்னொரு நகல் எடுத்து, பழுது வேலை முழுவதையும் அதில் செய்யுங்கள். இரண்டு மடங்கு இடம் கேட்டது இதற்குத்தான். இனிமேல் நீங்கள் என்ன தப்பு செய்தாலும் நகலை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.

பழுது: எக்ஸ்ட்4

லோசெட்டப் கட்டளையைப் பெரிய எழுத்து பி (P) விருப்பத்தோடு ஓட்டினால் இமேஜ் ஒரு டிஸ்க் மாதிரி, பார்ட்டிஷன்களோடு தெரியும். அதைச் சும்மா மவுண்ட் செய்து பார்ப்பதுதான் முதல் முயற்சி. எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டம் ஒரு ஜர்னல் வைத்திருக்கிறது, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் அங்கே எழுதிவிட்டு அப்புறம் உரிய இடத்தில் எழுதும். சர்வர் நடுவில் விழுந்தால் அடுத்த மவுண்டில் அந்தக் குறிப்பைப் படித்து மிச்சத்தை முடித்துவிடும். பல விபத்துகள் இந்த ஒரு மவுண்டிலேயே சரியாகிவிடும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: படிக்க மட்டும் என்று சொல்லி மவுண்ட் செய்தாலும் ஜர்னல் ஓடும், அதாவது டிஸ்க்கில் எழுதும். அது வேண்டாமென்றால் நோலோட் என்ற விருப்பத்தையும் சேர்க்கவேண்டும்.

மவுண்ட் ஆகவில்லையா? சரி, ஈ2எஃப்எஸ்சிகே. முதலில் ஹைஃபன் என், ஹைஃபன் எஃப் கொடுத்து. எதையும் மாற்றாமல், என்ன செய்வேன் என்று மட்டும் சொல்லும். ஜர்னலை ஓட்டாமல் பார்ப்பதால், ஓட்டியிருந்தால் மறைந்திருக்கும் பிழைகளும் பட்டியலில் வரும், அதனால் நீளத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மவுண்ட் ஆகியிருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் மேல் இதை ஓட்டினால் வரும் பதிலுக்கு அர்த்தமே இல்லை.

பட்டியலில் எதைப் பொருட்படுத்துவது என்று தெரிந்துகொள்ள வேண்டும். காலி பிளாக்குகளின் எண்ணிக்கை தவறு, காலி ஐநோடுகளின் (ஒவ்வொரு கோப்பையும் பற்றிய பதிவு) எண்ணிக்கை தவறு என்பதெல்லாம் வெறும் கூட்டல் கணக்கு, கவலை இல்லை. அநாதை ஐநோடு என்று வருவது பெரும்பாலும், அழித்த பிறகும் ஏதோ ஒரு புரோகிராம் திறந்து வைத்திருந்த கோப்பு. ஒரே பிளாக்கைப் பல கோப்புகள் தனதென்று கேட்கின்றன என்று வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு கோப்புகள் ஒரே இடத்தைக் காட்டுகின்றன, உள்ளே இருப்பது அதிகபட்சம் ஒன்றினுடையதுதான். எஃப்எஸ்சிகே பிளாக்கை நகலெடுத்து இருவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துச் சண்டையை முடித்துவைக்கும், ஆனால் ஒரு கோப்புக்குள் அடுத்தவருடைய தரவு உட்கார்ந்திருக்கும். அந்தக் கோப்புப் பெயர்களை எல்லாம் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவேண்டும்.

ஃபைல் சிஸ்டத்தின் தலைப்புத் தகவலான சூப்பர்பிளாக்கே படிக்க முடியவில்லை என்று வந்தால் உலகம் முடிந்துவிடவில்லை. அதன் நகல்கள் டிஸ்க் முழுக்க அங்கங்கே இருக்கின்றன. 4 கிலோபைட் பிளாக் என்றால் பெரும்பாலும் 32768, 98304, 163840 என்று போகும். ஹைஃபன் பி (b) 32768 என்று கொடுத்து, பிளாக் அளவைப் பெரிய எழுத்து பி (B) விருப்பத்தில் 4096 என்று சொல்லுங்கள். நகல் எங்கே என்று கண்டுபிடிக்க எம்கேஈ2எஃப்எஸ் கட்டளையை ஹைஃபன் என்னோடு ஓட்டச் சொல்லும் குறிப்புகளைப் பார்ப்பீர்கள். அந்த ஹைஃபன் என்னை மறந்தால் அது புதிதாக ஃபார்மட் செய்துவிடும். நகலின் மேல்தான் வேலை செய்கிறோம் என்பதில் உறுதியாக இருக்கும்போது மட்டும் அதைத் தொடுங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகு, நகலின் மேல் ஹைஃபன் எஃப், ஹைஃபன் ஒய். ஆம் ஆம் என்று இப்போது தாராளமாகச் சொல்லலாம். வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் எக்ஸிட் கோடைப் பாருங்கள்: 0 என்றால் சுத்தம், 1 என்றால் பிழைகளைச் சரிசெய்தது, 4 என்றால் சரிசெய்யாமல் விட்டவை இருக்கின்றன. 0 வரும்வரை மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் புதுப்புதுப் பிழை வந்துகொண்டே இருந்தால் அடியில் இருக்கும் ஹார்ட்வேரில் கோளாறு. மெம்டெஸ்ட் ஓட்டி ரேமைச் சோதியுங்கள்.

மற்ற ஃபைல் சிஸ்டங்கள்

எக்ஸ்எஃப்எஸ்ஸில் எஃப்எஸ்சிகே ஓட்டினால் அது எதுவும் செய்யாமல் திரும்பிவிடும், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். அங்கே எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் (xfs_repair) என்ற தனிக் கருவி. லாக் ஓட்டப்படாமல் இருந்தால் அது வேலை செய்ய மறுக்கும். ஒருமுறை மவுண்ட் செய்து அன்மவுண்ட் செய்தால் லாக் ஓடிவிடும். மவுண்டே ஆகவில்லை என்றால் பெரிய எழுத்து எல் விருப்பம், அது லாக்கைத் தூக்கி எறிந்துவிடும், கடைசி நேரத்தில் நடந்த மாற்றங்கள் அதோடு போகும். அந்த எல் கடைசி வழி.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் செக் கட்டளையின் ரிப்பேர் விருப்பத்தை ஆரம்பத்திலேயே எடுக்காதீர்கள், நிலைமையை மோசமாக்கக்கூடியது. படிக்க மட்டும் என்ற நிலையில் பழைய ரூட் நகலைப் பயன்படுத்தி மவுண்ட் செய்து பாருங்கள், முடியாவிட்டால் பிடிஆர்எஃப்எஸ் ரீஸ்டோர் (btrfs restore, நடுவே இடைவெளியோடு). அது மவுண்ட் செய்யாமலேயே கோப்புகளை வெளியே எடுத்து வேறு டிஸ்க்கில் வைக்கும்.

லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்

பல வருடங்களுக்கு முன், நான் வேலை செய்த ஒரு இடத்தில், நகல் எடுக்காமலேயே எஃப்எஸ்சிகே ஓட்டினேன். பயனர்கள் ஏற்றிய கோப்புகள் இருந்த கோப்புறை காணாமல் போனது, பெயர் தெரியாதவற்றை எஃப்எஸ்சிகே போட்டுவைக்கும் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் கோப்புறையைத் திறந்தால் உள்ளே வெறும் எண்கள். #131073, #131090, #262411 என்று திரை நிறைய ஓடியது. எது எதுவென்று தெரியாமல் அதன் முன்னால் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத் தெரியாமல் போன சில விஷயங்களை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்த எண் ஐநோடு எண். ஒரு கோப்பின் பெயர் கோப்புக்குள் இருப்பதில்லை, அது இருக்கும் கோப்புறைக்குள்தான் இருக்கிறது. அதனால் ஒரு கோப்புறை தன் தாய்க் கோப்புறையை இழந்தால் அதன் பெயர் மட்டும்தான் போகும், உள்ளே இருப்பவற்றின் பெயர்கள் அப்படியே இருக்கும். ஆகவே முதலில் கோப்புகளை விட்டுவிட்டு, எண்களில் எவை கோப்புறை என்று பிரித்து அவற்றுக்குள் போங்கள். உள்ளே இருப்பதைப் பார்த்ததுமே இது எந்தக் கோப்புறை என்று தெரிந்துவிடும், பழைய பெயரைக் கொடுத்து நகர்த்தினால் ஆயிரக்கணக்கான கோப்புகள் ஒரே அடியில் மீண்டுவிடும்.

மிச்சமிருக்கும் தனிக் கோப்புகளுக்கு ஃபைல் என்ற கட்டளை, இது ஜேபெக், இது பிடிஎஃப், இது ஸிப் என்று உள்ளடக்கத்தைப் பார்த்துச் சொல்லும். உரிமையாளர், மாற்றிய நேரம், அளவு மூன்றும் அழியாமல் இருக்கும். எந்தப் பயனருடைய கோப்பு, எந்த அப்ளிகேஷன் எழுதியது என்று அதை வைத்து ஊகிக்கலாம். ஃபைல் சிஸ்டம் அமைப்பே சிதைந்து எதுவும் கிடைக்காதபோது ஃபோட்டோரெக், மூல இமேஜிலிருந்து கோப்பு வகையின் தொடக்கக் குறிகளைத் தேடி எடுக்கும். பெயரும் கிடைக்காது, கோப்புறையும் கிடைக்காது, துண்டுதுண்டாக இருந்த கோப்புகள் உடைந்தே வரும்.

டேட்டாபேஸ், அப்புறம் திரும்ப ஏற்றுவது

ஃபைல் சிஸ்டம் சுத்தம் என்று சொன்னதால் உள்ளே இருப்பது சரி என்று ஆகாது. வழக்கமான அமைப்பில் எக்ஸ்ட்4 ஜர்னல் பாதுகாப்பது கோப்பைப் பற்றிய தகவலைத்தான், கோப்பின் உள்ளடக்கத்தை இல்லை. கடைசி நிமிடத்தில் எழுதிய சில கோப்புகள் பூஜ்ய அளவில் இருக்கலாம், அவற்றைத் தேடிப் பாருங்கள். டேட்டாபேஸ் கோப்புறையைத் தொடும் முன் அதற்குத் தனியாக ஒரு நகல். மைஎஸ்கியூஎல்லில் அதன் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி ஏறவில்லை என்றால் கட்டாய மீட்பு அமைப்பு 1 முதல் 6 வரை உண்டு. 1இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறுங்கள், 4ஓ அதற்கு மேலோ போனால் தரவு நிரந்தரமாகக் கெடலாம். ஏறியதும் டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் வெளியே எழுதிய கோப்பு) எடுத்துப் புதிய டேட்டாபேஸில் ஏற்றுங்கள், அதே நிலையில் தொடர்ந்து ஓட்டாதீர்கள். நல்ல பேக்கப் இருந்தால் அதிலிருந்து மீட்பதுதான் எப்போதும் மேல்.

சிஸ்டம் கோப்புகளில் எது கெட்டது என்று டிபிகேஜி வெரிஃபை, ஆர்பிஎம் வெரிஃபை இரண்டும் சொல்லும். என் விருப்பம், ரூட்டைப் புதிய டிஸ்க்கில் புதிதாக நிறுவிவிட்டு, தரவை மட்டும் ஆர்சிங்க் வழியாக உரிமைகளோடு கொண்டுவருவது. நேரம் கொஞ்சம் கூடுதலாக ஆகும், ஆனால் மூன்று மாதம் கழித்து ஏதோ ஒரு லைப்ரரி கெட்டிருப்பதைக் கண்டுபிடிக்கும் தலைவலி இருக்காது.

சர்வர் ஏறி, எல்லோரும் வேலைக்குத் திரும்பிய பிறகும் மூல இமேஜையும் மேப் கோப்பையும் அழிக்காதீர்கள். எந்தக் கோப்பு இல்லை என்று ஒருவர் வந்து கேட்பது பெரும்பாலும் மாதக் கடைசியில், அந்த அறிக்கையை அவர் திறக்கும்போதுதான். ஒரு முழு மாதக் கணக்கு முடிந்து, டேட்டாபேஸிலிருந்து எல்லா அட்டவணையும் பிழையில்லாமல் டம்ப் ஆகி, புது பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துத் திறந்து பார்த்த பிறகு இமேஜை அழியுங்கள்.